மாமனாரின் ரத்தம் ஏன் பாலாகத் தெரிந்தது?

தங்கச்சி, மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து கல்யாணமாகி மொரீஷியசுக்கு வந்து காத்ர் போர்ன் நகரில் இருக்கிறீர்கள். மாமனாருக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கிருந்த பெண் குழாயைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு கீழே இறங்கியிருந்தது. மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 6.4, ட்ரைகிளிசரைடு (எண்ணெயிலும் நெய்யிலும் இருக்கும் கொழுப்பு) 7.9, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்.டி.எல். 0.8. கெட்டது என்று சொல்லப்படும் எல்.டி.எல்.லின் கட்டம் காலி. பட்டினியோடு திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கேள்விகள் இவை: எண்ணெய் தண்ணீரில் கலக்காதே, ரத்தத்தில் எப்படி ஓடுகிறது? நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்று இரண்டு உண்டா? எல்.டி.எல். ஏன் காலி? மதுரையில் அம்மாவுக்கு ட்ரைகிளிசரைடு 210, மாமாவுக்கு 7.9தான், அப்படியானால் பயமில்லையா? வீட்டில் எண்ணெயை அடியோடு நிறுத்திவிடலாமா?

நாலாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதற்கு அவசரம் இருக்கிறது. இந்தியாவில் இந்த எண்களை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். இரண்டும் வேறு அளவுகோல். ட்ரைகிளிசரைடுக்கு இங்குள்ள எண்ணை 88.6ஆல் பெருக்கினால் இந்திய எண் வரும். கொலஸ்ட்ராலுக்கு 38.7ஆல் பெருக்க வேண்டும். ஆக, மாமாவின் 7.9 என்பது ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 700. அம்மாவின் 210 என்பது இங்கே 2.4. பட்டினியில் 1.7க்குக் கீழே இருப்பது நல்லது. அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதல், மாமாவுக்கு மிக அதிகம். இது 10ஐத் தாண்டிப் போனால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை குத்தும் வலி, கூடவே வாந்தி என்று வந்தால் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டாம்.

சரி, இனி நிதானமாகப் பேசலாம். நான் இந்தத் தீவிலேயே பிறந்து, சென்னையில் படித்து, திரும்பி வந்து 28 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். இந்த வெள்ளைக் குழாயை எத்தனையோ தடவை கையில் பிடித்திருக்கிறேன்.

எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதற்கு விடையும் உங்கள் கண்முன்னாலேயே இருந்தது. காவடியன்று செம்பில் பால் சுமந்து போனார்களே, அந்தப் பாலில் கொழுப்பு இல்லையா? இருக்கிறது. ஆனாலும் நெய் மாதிரி மேலே படலமாக மிதப்பதில்லை. காரணம், பாலில் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் உள்பக்கம் கொழுப்போடு ஒட்டும், வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உடம்பு ரத்தத்தில் செய்வதும் இதே வேலைதான். உள்ளே ட்ரைகிளிசரைடும், கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டிய கொலஸ்ட்ராலும். சுற்றிலும் பாஸ்போலிப்பிடு என்ற பொருளால் ஒற்றை அடுக்கு உறை. அந்த உறையில் ஆங்காங்கே பதிந்த புரதங்கள். இந்த உருண்டைக்கு லிப்போபுரதம் என்று பெயர், கொழுப்பும் புரதமும் சேர்ந்தது என்பதால்.

அந்தப் புரதங்களை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். உருண்டை எங்கே போக வேண்டும், எந்தக் கதவு அதற்குத் திறக்கும், எந்த நொதி அதில் கை வைக்கலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. கடிதத்தின் மேல் எழுதிய விலாசம் மாதிரி. விலாசம் மாறினால் சரக்கு ஒன்றாக இருந்தாலும் போகும் இடம் வேறு.

மாமா சாப்பிட்டதிலிருந்து தொடங்குவோம். கோவிலில் வாழையிலையில் ஏழு கறி போட்டார்கள், வீட்டுக்கு வந்து மாலையில் நாலு காத்தோ பிமாங், அதாவது நம் பருப்பு வடை, என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு அது. குடலில் பித்தநீர் அதை நுரைத்துப் பொடியாக்க, கணைய நொதி வெட்டிப் போட, துண்டுகள் குடல் சுவருக்குள் போகின்றன. போனதும் அந்தச் செல்கள் அவற்றைத் திரும்பவும் ட்ரைகிளிசரைடாகக் கோத்து, உறை போட்டு, ஒரு பெரிய உருண்டையாக வெளியே அனுப்புகின்றன. அதன் பெயர் கைலோமைக்ரான். எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை ட்ரைகிளிசரைடுதான்.

இது ரத்தக் குழாய்க்குள் நேராக நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. அரிசியிலிருந்து வந்த சர்க்கரையும் பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலங்களும் குடலிலிருந்து கல்லீரலுக்கு நேர்வழியில் போகும். கைலோமைக்ரான் அப்படிப் போகாது. குடலின் நிணநீர்க் குழாய்களில் ஏறி, முதுகெலும்பை ஒட்டி மேலே வந்து, இடது கழுத்தடியில் பெரிய சிரையில் கலக்கும். அதாவது, நீங்கள் சாப்பிட்ட கொழுப்பு கல்லீரலைப் பார்ப்பதற்கு முன்பே இதயத்தையும் நுரையீரலையும் பார்த்துவிட்டு, உடம்பு முழுக்கச் சுற்றக் கிளம்பிவிடுகிறது. படித்த காலத்தில் எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

உடம்பெங்கும் உள்ள தந்துகிகளின், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின், உட்சுவரில், முக்கியமாகத் தசையிலும் கொழுப்புத் திசுவிலும், லிப்போபுரத லிப்பேஸ் என்ற நொதி நின்றுகொண்டிருக்கிறது. உருண்டை கடந்து போகும்போது பிடித்து, ட்ரைகிளிசரைடை வெட்டி, கொழுப்பு அமிலங்களைச் செல்களுக்குள் இறக்கிவிடும். சரக்கை இறக்கிச் சுருங்கிய உருண்டையை மிச்சத்துகள் என்பார்கள். அதைக் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். இந்த நொதியைக் கண்டுபிடித்த கதை நம் விஷயத்தோடு நேராகச் சேர்கிறது. 1943இல் பால் ஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர், கொழுப்பு உணவுக்குப் பிறகு ரத்தம் வெளுத்திருந்த நாய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தை ஊசி போட்டார். கொஞ்ச நேரத்திலேயே அந்த வெண்மை மறைந்து ரத்தநீர் தெளிந்துவிட்டது. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நொதியை ஹெப்பாரின் கழற்றி ரத்தத்தில் விட்டதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது.

சர்க்கரை இல்லாத ஒருவருக்குச் சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரத்தில் இந்த வெண்மை உச்சத்துக்குப் போகும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். பட்டினியோடு வரச் சொல்வது அதனால்தான்.

ஆனால் மாமாவின் 7.9ஐக் காலைச் சாப்பாட்டின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சாதாரண உணவு ஒருவருக்கு இதை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகாது. இங்கேதான் கல்லீரலும் சர்க்கரை நோயும் வருகின்றன.

கல்லீரலும் குடல் மாதிரியே கொழுப்பு உருண்டைகளைக் கட்டி அனுப்புகிறது. அதற்கு வி.எல்.டி.எல். என்று பெயர். சாப்பாட்டு நேரத்துக்காக அது காத்திருப்பதில்லை, நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அமிலங்கள், அளவுக்கு மீறிய சர்க்கரை, மது என்று எது கல்லீரலுக்குள் வந்தாலும் அதில் ஒரு பங்கு இப்படி வெளியேறும். இன்சுலின் நன்றாக வேலை செய்யும் உடம்பில், சாப்பிட்டதும் கொழுப்புத் திசு தன் வாசலை மூடிக்கொள்ளும், கல்லீரலும் அனுப்புவதைக் குறைக்கும், லிப்பேஸ் நொதியும் சுறுசுறுப்பாகும். மாமாவின் உடம்பில் இந்த மூன்றுமே தளர்ந்திருக்கின்றன. கொழுப்பு அமிலம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கல்லீரல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, இறக்கும் இடத்தில் ஆள் குறைவு.

ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலத்தில் ஆலை வாசலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இறக்கும் வேகத்தைவிட லாரிகள் வேகமாக வந்தால், சாலை வரை வரிசை நிற்கும். கைலோமைக்ரானுக்கும் வி.எல்.டி.எல்.லுக்கும் இறக்கும் வாசல் ஒன்றுதான். கல்லீரலின் லாரிகள் ஏற்கெனவே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கையில், காலையில் சாப்பிட்டது எங்கே போகும்? ரத்தத்திலேயே சுற்றும். அந்தப் பெண் காட்டிய வெண்மை இந்த நெரிசல்தான். மொரீஷியசில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதால், இந்தக் குழாய் எங்களுக்குப் புதிதல்ல.

இப்போது நல்லது, கெட்டது பற்றி. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர்களால் குழம்பிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொலஸ்ட்ரால் ஒன்றுதான். நல்லதற்கு ஒரு மூலக்கூறு, கெட்டதற்கு ஒரு மூலக்கூறு என்று கிடையாது. எல்.டி.எல்.லில் இருப்பதும் எச்.டி.எல்.லில் இருப்பதும் அணுவுக்கு அணு அதே பொருள். அது இல்லாமல் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு நிற்காது. பித்த அமிலம், கார்ட்டிசோல், ஆண் பெண் ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாம் அந்தக் குடும்பத்திலிருந்து வருபவை. வேறுபாடு சரக்கில் இல்லை, வண்டியில் இருக்கிறது.

இந்த வண்டிகளின் பெயர்கள் வந்த விதம் எளிது. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் மிஷல் மஷ்பெஃப் 1929இல் குதிரையின் ரத்தநீரிலிருந்து கொழுப்பும் புரதமும் சேர்ந்த பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் பெர்க்லியில் ஜான் காஃப்மன், ரத்தநீரை மிக வேகமாகச் சுழற்றும் எந்திரத்தில் போட்டு, எது மிதக்கிறது எது அமிழ்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கொழுப்பு அதிகமானால் உருண்டை லேசு, புரதம் அதிகமானால் கனம். வி.எல்.டி.எல். மிகக் குறைந்த அடர்த்தி, எல்.டி.எல். குறைந்த அடர்த்தி, எச்.டி.எல். அதிக அடர்த்தி. பெயரில் இருப்பது அவ்வளவுதான், நன்மை தீமை எதுவும் இல்லை.

எல்.டி.எல்.லைக் கல்லீரல் பெரும்பாலும் நேராகச் செய்வதில்லை. வி.எல்.டி.எல். ஊரெல்லாம் சுற்றி ட்ரைகிளிசரைடை இறக்கி இறக்கிச் சுருங்கிய பிறகு மிஞ்சுவதுதான் அது. உள்ளே கொழுப்பு அமிலத்தோடு கட்டிய கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 1500 மூலக்கூறுகள். வெளியே அப்போ பி-100 என்ற ஒரே ஒரு புரதம், 4536 அமினோ அமிலங்கள் கொண்ட மிகப் பெரிய புரதம், உருண்டையைச் சுற்றி வளைத்துக் கிடக்கும். ஒரு வண்டிக்கு ஒன்றுதான், கழன்று போகாது. குடலும் இதே மரபணுவைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே, மரபணுவிலிருந்து படியெடுத்த செய்தியில் ஒரு எழுத்தை மாற்றி, புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. நீளத்தில் 48 சதவீதம் என்பதால் அதற்கு அப்போ பி-48 என்று பெயர். ஒரே எழுத்து மாற்றத்தில் இரண்டு உறுப்புகளுக்கு இரண்டு வண்டிகள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறையும்.

எல்.டி.எல்.லின் குறுக்களவு ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 50,000 வண்டிகளை வரிசையாக நிறுத்தலாம். கைலோமைக்ரானோ சில நூறு நானோமீட்டர் வரை போகும். இந்த அளவு வித்தியாசத்தில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும் பெரிய உருண்டைகள்தான் ஒளியை நன்றாகச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். எல்.டி.எல். அதைவிட மிகச் சிறியது, எவ்வளவு இருந்தாலும் நீர் தெளிவாகவே இருக்கும். ஒரு தடவை முப்பது வயது தாண்டாத ஒருவரின் ரத்தம் வந்தது. மேல்நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கொலஸ்ட்ரால் 11. எந்திரத்தைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவையும் ஓட்டினேன், அதே 11. பரம்பரையாக வரும் நோய் அது. குழாயைப் பார்த்து யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளையாகத் தெரிவது கணையத்துக்கு ஆபத்து. தமனியை அடைப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத சின்ன வண்டிகளுக்கு. ஏறத்தாழ 70 நானோமீட்டருக்குக் கீழே உள்ள உருண்டைகள்தான் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து போக முடியும். முழுக் கைலோமைக்ரான் புகாது. அதன் சுருங்கிய மிச்சத்துகளும் எல்.டி.எல்.லும் புகும். புகுந்தவற்றில் பல திரும்பி வந்துவிடும். சில, அந்தப் பெரிய அப்போ பி புரதம் சுவரிலுள்ள பொருளோடு ஒட்டிக்கொள்வதால் உள்ளேயே தங்கிவிடும். தங்கியதை வெள்ளணுக்கள் விழுங்கும், விழுங்கி விழுங்கி நுரைபோல் வீங்கும், அங்கேயே சாகும். படிவு அப்படித்தான் தொடங்குகிறது. எத்தனை வண்டிகள், எத்தனை வருடம் சுவரில் மோதிக்கொண்டிருந்தன என்பதுதான் கணக்கு. ஒரு நாள் விருந்தில் தமனி அடைபடுவதில்லை, ஒரு வாரப் பத்தியத்தில் திறப்பதும் இல்லை.

எல்.டி.எல். ரத்தத்தில் இரண்டு மூன்று நாள் சுற்றும். அதை அகற்றுவது பெரும்பாலும் கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள், அதாவது வண்டியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இருவர், நான் மேலே சொன்ன பரம்பரை நோயின் கடுமையான வடிவம் கொண்ட குழந்தைகளின் தோல் செல்களை ஆராய்ந்து இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பி வண்டியைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்ப மேலே வந்து நிற்கும். கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் ஏற்பிகளைக் குறைத்துவிடும். பற்றாக்குறை வந்தால் கூட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் செய்வதை அது தடுக்க, கல்லீரல் பற்றாக்குறையை உணர்ந்து ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் இந்த வகையின் முதல் பொருளைக் கண்டார். அது கிடைத்தது அரிசியில் பிடித்த பூஞ்சையில்.

அப்புறம் எச்.டி.எல். செல்களிலும் சுவரிலும் மிஞ்சிய கொலஸ்ட்ராலை வாங்கிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும் வண்டி அது. உடம்பில் எந்தச் செல்லாலும் கொலஸ்ட்ரால் வளையத்தை உடைத்து எரிக்க முடியாது. கல்லீரலுக்குக் கொண்டுபோய், பித்தத்தோடு குடலில் விட்டு மலத்தில் போக்குவதுதான் முக்கிய வழி. நல்ல கொலஸ்ட்ரால் என்ற பெயர் அப்படி வந்தது. ஆனால் எச்.டி.எல். எண்ணை மருந்தால் ஏற்றினால் இதயம் பிழைக்குமா என்று பார்த்தபோது ஏமாற்றம்தான். டார்செட்ராபிப் என்ற மருந்தை 15,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். எச்.டி.எல். ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியது. மருந்து சாப்பிட்டவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006இல் சோதனையை நிறுத்தினார்கள். அதனால் என் கருத்து இது: எச்.டி.எல். எண்ணைத் துரத்த வேண்டாம், அது எதைக் காட்டுகிறது என்று படியுங்கள்.

மாமாவின் 0.8 காட்டுவது தெளிவாகவே இருக்கிறது. ரத்தத்தில் வண்டிகள் தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்ளும். ட்ரைகிளிசரைடு நிறைந்த வி.எல்.டி.எல். நெடுநேரம் சுற்றும்போது, எச்.டி.எல்.லுக்குத் தன் ட்ரைகிளிசரைடைக் கொடுத்து அதன் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். அப்படி மாறிப்போன எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து அகன்றுவிடும். எல்.டி.எல்.லும் இதே கொடுக்கல் வாங்கலில் சின்னதாகி எண்ணிக்கையில் கூடும். ட்ரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு, சின்ன எல்.டி.எல். என்ற இந்த மூன்றும் சேர்ந்து வருவது நம் தெற்காசிய வம்சத்தவரிடம் மிகப் பரவலாகக் காணும் கூட்டு. எச்.டி.எல். குறைவு தனி நோயல்ல, ட்ரைகிளிசரைடின் நிழல். முதலாவது இறங்கினால் இரண்டாவது பெரும்பாலும் தானே கொஞ்சம் ஏறும்.

எல்.டி.எல். கட்டம் காலியாக இருந்ததில் பரிசோதனைக் கூடத்தின் தவறு எதுவும் இல்லை. பல இடங்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீட்வால்டு என்பவரும் கூட்டாளிகளும் தந்த சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து வருவதையும் கழி. அந்த இரண்டாவது கழித்தல் வி.எல்.டி.எல்.லில் இருக்கும் கொலஸ்ட்ராலுக்கான உத்தேசம். ட்ரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் அந்த உத்தேசம் பொய்த்துவிடும், அதனால் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை. ஆனால் உங்கள் கையில் ஒரு நல்ல எண் இப்போதே இருக்கிறது. மொத்தம் 6.4இலிருந்து எச்.டி.எல். 0.8ஐக் கழித்தால் 5.6. தமனிச் சுவருக்குள் புகக்கூடிய வண்டிகள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ட்ரால் இதற்குள் அடங்கும். இதற்குப் பட்டினி கட்டாயமில்லை. சர்க்கரை உள்ளவருக்கு 5.6 அதிகம். மருத்துவரிடம் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். வசதி இருந்தால் அப்போ பி அளவும் பார்க்கச் சொல்லலாம். ஒரு வண்டிக்கு ஒரு புரதம் என்பதால் அது நேரடியாக வண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடும்.

எண்ணெயை அடியோடு நிறுத்துவது பற்றி. இந்தத் தீவே அதற்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கும். 1987 வரை கடைகளில் மலிவாகக் கிடைத்த பொதுச் சமையல் எண்ணெய் பெரும்பாலும் பனை எண்ணெய், பாமாயில் என்போமே, அது. அரசு அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. அந்த வருடமே நாடு முழுக்க ஒரு உடல்நலக் கணக்கெடுப்பும் நடந்திருந்தது. 1992இல் திரும்ப எடுத்தபோது, மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. எண்ணெய் தவிர வேறு மாற்றங்களும் அந்த ஐந்து வருடத்தில் நடந்தன, எல்லாப் புகழையும் எண்ணெய்க்கே கொடுக்க முடியாது. ஆனாலும் ஒரு நாட்டு மக்கள் பருப்பு வைத்த டோல் பூரியையும், பரோட்டா மாதிரியான ஃபராத்தாவையும் விட்டுவிடாமல், வாணலியில் ஊற்றுவதை மாற்றியே இவ்வளவு இறக்கத்தில் பெரிய பங்கு பெற்றார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. என் தொழிலில் எனக்கு அதைவிடப் பெருமையான செய்தி வேறு இல்லை.

காரணம் மேலே சொன்ன ஏற்பிதான். பனை எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. சோயாவில் ஏறத்தாழ 15 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரலின் ஏற்பிகள் மந்தமாகும், எல்.டி.எல். ரத்தத்தில் நெடுநாள் சுற்றும். சோயாவில் அதிகமாக உள்ள நிறைவுறாக் கொழுப்பு அதற்கு மாறாக வேலை செய்யும். போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் இருக்காது, பனை எண்ணெயிலும் அப்படித்தான். பின்பக்கத்தில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். விரதம் என்று சைவமாக இருந்தாலும் நெய்யும் தேங்காய்ப்பாலும் தாராளமாகப் போனால் இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் மாமாவின் இப்போதைய பிரச்சினை முதலில் ட்ரைகிளிசரைடு, அதனால் வரிசை வேறு. முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்து, வாரக்கடைசியில் ரம் எடுப்பார் என்று எழுதியிருந்தீர்களே, அது முழுக்க நிற்க வேண்டும், குறைத்தால் போதாது. மூன்றாவது, குளிர்பானமும் இனிப்புப் போட்ட பழச்சாறும். இவை எண்ணெய் அல்ல, ஆனாலும் கல்லீரலுக்குள் போய்க் கொழுப்பாகி வி.எல்.டி.எல்.லில் ஏறி வெளியே வருகின்றன. பல வீடுகளில் வடையை நிறுத்திவிட்டு, கூடவே ஒரு போத்தல் இனிப்புப் பானத்தைக் குடிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். பொரித்ததையும் எண்ணெயையும் இந்த எண் இறங்கும் வரை நன்றாகக் குறையுங்கள், ஏனென்றால் வாசலில் ஏற்கெனவே நெரிசல். இறங்கிய பிறகு அளவாகச் சேர்க்கலாம். தினமும் நடை நல்லது, நடக்கும் தசையில் அந்த லிப்பேஸ் நொதி கூடும். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார், அவையும் இதை ஏற்றும். மாத்திரை வேண்டுமா, எந்த வகை என்பது அவர் முடிவு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்கு முந்தின இரவு சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாகப் போங்கள். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ அன்று காலையில் எப்போது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டினியில் மருந்து போட்டுச் சர்க்கரை இறங்கி மயங்குபவர்கள் உண்டு. சாப்பாட்டைப் பையிலேயே எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அன்று எடுக்கும் குழாயை ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வைக்க முடியுமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். மறுநாள் மேலே வெண்ணெய் மாதிரி ஒரு படலம் ஏறி, கீழே நீர் தெளிந்திருந்தால், உணவிலிருந்து வந்த கைலோமைக்ரான் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். படலம் இல்லாமல் முழுக்க ஒரே சீராகக் கலங்கியிருந்தால் கல்லீரலின் வி.எல்.டி.எல். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுமே தேங்கியிருக்கின்றன. நாங்கள் பழைய நாளில் எந்திரத்துக்குக் கொடுக்கும் முன்பே இப்படித்தான் பார்ப்போம். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், புதிய எண்களோடு.